ஏட்டுச் சூத்திரமும் மழைக் கணக்கும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்பிரகமுவ மாகாணம். தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வளரும் மலைச்சரிவுகள் நிறைந்த பகுதி அது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் எகெலியகொடையிலும் இறக்குவானையிலும் மழைக்குப் பஞ்சமில்லை. இரத்தினபுரி நகரில் மட்டும் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. தோட்டத்து அலுவலகத்தை அடுத்த வெட்டவெளியில் மழைமானி ஒன்றை நாட்டி வைத்து, காலைதோறும் அதில் சேர்ந்த நீரை அளந்து குறிப்பேட்டில் எழுதுவது தோட்டங்களின் நெடுநாளைய வழக்கம். உரம் இடும் நாளைக் குறிப்பதற்கும், இன்று பால்வெட்டு உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதற்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

அதே கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு என்பதை அண்மை ஆண்டுகள் கொடிய முறையில் உணர்த்தியிருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, நாட்கணக்கில் விடாது பெய்த மழைக்குப் பின், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து கீழேயிருந்த ஊர்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காணாமற் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் குடியிருப்பின் மீதும் மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. மறு ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை முதலிய மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஒருங்கே வந்தன. நாடு முழுவதிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் அழிந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டில் விளைத்த நாசம் இவற்றினும் பெரிது.

மலை எப்பொழுது பெயரும் என்று நாழிகை குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் எவ்வளவு மழை பெய்தால் அஞ்ச வேண்டும் என்பதற்கு அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவாகக் கையாளும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரை எட்டினால் மஞ்சள் நிலை, 100 மில்லிமீற்றரை எட்டினால் செம்மஞ்சள் நிலை, 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டித் தீர்த்தாலோ சிவப்பு நிலை. சிவப்பு என்றால் அபாயச் சரிவில் இருப்போர் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது பொருள்.

இந்த விதியைச் சிறு பிள்ளையும் படித்துப் புரிந்துகொள்ளும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் தடைப்பட்ட வேளையில், பத்து இருபது மழைமானிகளிலிருந்து மணிக்கொரு முறை வந்து குவியும் எண்களோடு இதனை ஒத்துப் பார்ப்பவர் யார்? உறங்காத கணினியிடந்தான் அவ்வேலையை ஒப்படைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மனிதன் படிக்கும் சூத்திரம் ஒரு கோப்பில் வெறும் எழுத்துகளாகக் கிடக்கிறது. கணினிக்கு அது “அ, ஆ” என்பது போன்ற எழுத்து வரிசையே அன்றிக் கணக்கு அன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டிலுள்ள அந்தச் சூத்திரத்தைக் கணினி அடுப்பேற்றத்தக்க காயாக மாற்றுவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சார்பு என்னும் சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லி அழைத்ததும் ஆள் முன்வந்து நிற்கிறார். வேலையைச் சொல்லி அனுப்பினால் முடித்துவிட்டுத் திரும்புகிறார். அதுபோலப் பெயர் சொல்லி அழைத்து, வேண்டிய எண்களைக் கையில் கொடுத்தால், கணக்கை முடித்து விடையோடு திரும்புவதே கணினியிற் சார்பு எனப்படுவது. துண்டுக் காகிதத்தில் எழுதிய பெயர் ஆள் ஆகாது; கோப்பில் எழுதிய சூத்திரமும் சார்பு ஆகாது. காகிதத்தை ஆளாக்கும் வித்தையை நிரல் மொழிகள் பல காலமாகவே அறிந்திருக்கின்றன.

சூத்திரத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கின்றனர். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியின் பெயரே “சூத்திர மொழிபெயர்ப்பு” என்னும் பொருளுடையது. அம்மொழியிற் சூத்திரம் நிரலோடு பின்னிப் பிணைந்து கிடக்கும்; அதில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமாயின் நிரலையே திறந்து திருத்தி, முழுவதையும் மீண்டும் மொழிபெயர்த்தாக வேண்டும். அணுவியலுக்கும் விண்ணியலுக்கும் அது போதுமானதாக இருக்கலாம். மழையெல்லை அத்தகையதன்று. ஒரு பேரழிவுக்குப் பின் எல்லைகள் மீள ஆராயப்படுகின்றன. ஒரு சரிவுக்கு ஏற்ற எண் அடுத்த சரிவுக்கு ஏற்பதில்லை. தவிர, மண்ணை அறிந்த புவிச்சரிதவியலாளர் வேறு, நிரலை எழுதியவர் வேறு. நிரல் எழுதியவர் ஊர் மாறிப் போன பின்பும், சூத்திரத்தை அறிந்தவர் அதனைத் தம் கண்ணாற் படித்துத் தம் கையாலேயே திருத்தக்கூடிய இடத்தில் அது இருத்தல் வேண்டும். நால்வர் படித்துச் சரிபார்க்கக்கூடிய எழுத்துக் கோப்பே அத்தகைய இடம்.

எண்கணிப்புக்கென்றே அமைந்த மொழிகளுள் 2012இல் வெளியிடப்பட்ட ஜூலியா இதற்கு வாய்ப்பானது. ஜெஃப் பெசன்சன், ஸ்டீபன் கார்பின்ஸ்கி, வைரல் ஷா, ஆலன் எடல்மன் என்னும் நால்வர் அதனை ஆக்கினர். தமிழருக்கு அதில் ஒரு தனி வசதி உண்டு. மாறிகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத அம்மொழி இடங்கொடுக்கிறது. “மழை” என்று பெயரிட்டு 75 என்னும் மதிப்பைத் தந்தால், மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. பெயரின் நடுவே இடைவெளி விடுதல் மட்டும் கூடாது. “நாள் மழை” என்பது பிழை, “நாள்மழை” என்பது சரி. “கொ” என்னும் எழுத்தைக் கொம்பும் காலும் தனித்தனியே தட்டி எழுதினாலும், ஒன்றாகத் தட்டி எழுதினாலும், பெயரளவில் இரண்டையும் ஒன்றெனவே அது கொள்கிறது. தோட்டத்து அலுவலகத்திலே தமிழ் மட்டும் அறிந்த ஓர் எழுத்தர் சூத்திரக் கோப்பைத் திறந்து பார்த்து, இது இன்னது என்று கண்டுகொள்ள முடியும் என்பது சிறிய காரியமன்று.

இனி ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். புவியியல் அறிஞர் நெல் கெய்ன் 1980இல், உலகின் பல பாகங்களிலும் ஆழமில்லாத மண்சரிவுகளை உண்டாக்கிய மழைகளைத் தொகுத்து ஆராய்ந்து, அத்தகைய சரிவு தொடங்குவதற்கு எவ்வளவு கடுமையான மழை வேண்டும் என்பதற்கு ஒரு கீழெல்லை கண்டார். கோப்பில் அது ஒற்றை வரியாக இவ்வாறு அமையும்:

14.82 * காலம்^(-0.39)

இங்கே காலம் என்பது மழை நீடித்த மணிகளின் எண்ணிக்கை. விடை, மணிக்கு இத்தனை மில்லிமீற்றர் என்பது. நட்சத்திரக் குறி பெருக்கலையும், கூரைபோன்ற குறி அடுக்கையும் சுட்டும். (பள்ளிக்கூடத்துப் பெருக்கற் குறியை இங்கு இடலாகாது, ஜூலியாவில் அது காவிகளின் குறுக்குப் பெருக்கத்துக்கு உரியது.)

கணினி இந்த வரியை முதலிற் படிக்கும்பொழுது செய்வது பாகுபடுத்தல். தமிழிலக்கணம் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துக் காட்டுகிறதல்லவா? அதனோடு ஒத்த தொழில்தான் இதுவும். வரியின் தலைமைத் தொழில் பெருக்கல் என்று கணினி காண்கிறது. அப்பெருக்கலுக்கு இரண்டு கிளைகள்: ஒன்று 14.82 என்னும் எண்; மற்றது ஓர் அடுக்கு. அந்த அடுக்குக்கும் இரண்டு கிளைகள்: காலம் என்னும் மாறியும், கழித்தற்குறியோடு கூடிய 0.39 என்னும் எண்ணும். இடமிருந்து வலமாக நீண்டு கிடந்த எழுத்து வரிசை இப்பொழுது கிளைவிட்ட மரமாகிவிட்டது. எந்தக் கணக்கை முதலிற் செய்வது, எதைப் பிறகு செய்வது என்னும் ஐயம் மரத்தில் எழாது. நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கி வந்தாற் போதும்.

மரம் இன்னும் சார்பு ஆகவில்லை. “காலம்” என்பது வெளியிலிருந்து தரப்பட வேண்டிய எண் என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஜூலியாவில் அதைச் செய்ய வரியின் முன்னால் ஓர் அம்புக் குறியை ஒட்டினாலே போதும்:

(காலம்) -> 14.82 * காலம்^(-0.39)

“காலத்தைக் கொடு, இதைத் தருகிறேன்” என்பது இதன் பொருள். கோப்பில் எழுதுபவர் அம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோப்பைப் படிக்கும் நிரலே அதனை ஒட்டிக்கொள்ளும். பிறகு, மரத்தை மதிப்பிடும் கட்டளைக்கு உட்படுத்தினால், அழைத்தற்குரிய சார்பு கையில் கிடைக்கிறது. எழுதப்பட்ட கோவையை இயங்கும் கணக்காக மாற்றும் இக்கருத்து மிகப் பழையது. ஜான் மெக்கார்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் மொழிக் கட்டுரையிலேயே இது உண்டு.

இப்பொழுது சார்பை அழைத்துப் பார்க்கலாம். காலம் 24 என்று கொடுத்தால் மணிக்கு 4.29 மில்லிமீற்றர் என்று விடை வருகிறது. ஒரு நாளைக்கு 103 மில்லிமீற்றர். 48 மணி நேரமாயின் மொத்தம் 157. 72 மணி நேரமாயின் 201. இலங்கையிற் கையாளப்படும் செம்மஞ்சள் எல்லை 24 மணி நேரத்துக்கு 100 என்பதையும், உலகளாவிய அந்தச் சூத்திரம் 103 என்று சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையானது. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு எண்கள் இவ்வளவு அண்மையில் நிற்பது ஓரளவு தற்செயலாகவும் இருக்கலாம்.

ஒரு முறை சார்பாக்கிவிட்டால் மீண்டும் மீண்டும் எழுத்தைப் பாகுபடுத்த வேண்டுவதில்லை. ஓராண்டில் 8,760 மணிகள் உள்ளன. பத்து மழைமானிகளின் முப்பதாண்டுக் குறிப்பைச் சோதிப்பதென்றால் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள். ஒவ்வோர் அழைப்புக்கும் கோப்பைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். ஜூலியா முதல் அழைப்பின்போது சார்பை இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது. முதல் முறை சற்றுத் தாமதமாகும், அதன்பின் வேகம்.

இவ்வளவில் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகின்றனர். இடர்கள் இனிமேல்தான் தொடங்குகின்றன.

மதிப்பிடும் கட்டளை குருட்டுப் பணியாள் போன்றது. கோப்பில் சூத்திரம் இருந்தால் சூத்திரத்தைக் கணக்கிடும். “மழைக் குறிப்பு முழுவதையும் அழித்துவிடு” என்னும் வரி இருந்தால் அதையும் அப்படியே நிறைவேற்றும். எவர் கையும் படக்கூடிய எழுத்துக் கோப்பை நேரே அக்கட்டளையிடம் ஒப்படைப்பது, வாசற் கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதற்குச் சமம். இதற்குரிய காப்பு, பாகுபடுத்தலுக்கும் மதிப்பிடுதலுக்கும் இடையே இருக்கிறது. மரம் கையிலிருக்கும்பொழுதே அதன் கிளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் இருக்கலாம், அனுமதித்த மாறிப் பெயர்கள் இருக்கலாம், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு, ஒப்பீடு ஆகியன இருக்கலாம். பட்டியலில் இல்லாத ஒரு பெயர் தலைகாட்டினாலும் முழுச் சூத்திரத்தையும் மறுத்துவிட வேண்டும். தீயவர் எவரும் இல்லாத அலுவலகத்திலும் இந்தச் சோதனை பயன்படும். “நாள்மழை” என்பதை “நாள்மலை” என்று எழுதிவிட்ட கைத்தவறு மழை வரும் முன்னரே பிடிபடும்.

அடுத்த இடர் ஜூலியாவுக்கே உரியது. அதனை விளக்கத் தோட்டத்து வழக்கமே உதவுகிறது. காலையில் பிரட்டு முடிந்து செக்ரோலில் பெயர் பதிந்தாயிற்று. பத்து மணிக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்கிறார். அவர் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஆனால் அன்றைய ஏட்டில் அவர் பெயர் இல்லை. ஜூலியாவில் ஒரு சார்பு ஓடத் தொடங்கும் கணத்தில் இருந்த சார்புகளே அதற்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைப் படித்து அம்பு வடிவிற் புதிய சார்பை உண்டாக்கி உடனே அழைத்தால், இது இன்னும் எனக்குத் தெரியாத புதுவரவு என்று பிழை சொல்லி நின்றுவிடும். “ஏட்டைப் புதிதாகப் பார்த்து அழை” என்னும் பொருளில் தனிக் கட்டளை ஒன்று இருக்கிறது. அதன் மூலம் அழைத்தால் சரியாகிவிடும்.

பிழை சொல்லி நின்றுவிடுவது உண்மையில் நல்லது. பெயரிட்ட ஒரு சார்பைப் பழைய பெயரிலேயே மீண்டும் வரையறுத்தால் நிலைமை மோசமாகிறது. மாதக்கணக்கில் இடைவிடாது ஓடும் காவல் நிரல் ஒன்றைக் கருதலாம். மழைக்காலத்தின் நடுவே ஒரு சரிவின் எல்லையை 150இலிருந்து 120க்குக் குறைக்கிறார்கள். கோப்புத் திருத்தப்படுகிறது, நிரலும் அதைப் படித்துச் சார்பைப் புதுப்பிக்கிறது, குறிப்பேட்டிற் “புதுப்பித்தாயிற்று” என்றும் பதிகிறது. ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் சுழற்சி, தான் தொடங்கியபோது அறிந்த பழைய சார்பையே அழைத்துக்கொண்டிருக்கும். 130 மில்லிமீற்றர் பெய்த இரவில் சிவப்பு விளக்கு எரியாது. எவருக்கும் ஏன் என்று விளங்காது. ஆதலின் பெயரிட்ட சார்பைக் காட்டிலும் அம்பு வடிவம் பாதுகாப்பானது; கோப்பு மாறியதும் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்குவது இன்னும் பாதுகாப்பானது.

சூத்திரத்தின் உள்ளேயே பதுங்கும் பிழைகள் வேறு. மூன்று நிற எல்லைகளை ஒரே வரியில் அமைக்க விரும்பும் ஒருவருக்கு எளிதில் தோன்றும் வழி, கடந்த எல்லைகளை எண்ணிக் கூட்டுவது:

(நாள்மழை >= 75) + (நாள்மழை >= 100) + ((நாள்மழை >= 150) | (மணிமழை >= 75))

உண்மையானால் 1, பொய்யானால் 0 என்று கணினி கொள்ளும். நிமிர்ந்து நிற்கும் கோடு “அல்லது” என்னும் பொருளுடையது. விடை 1 என்றால் மஞ்சள், 2 என்றால் செம்மஞ்சள், 3 என்றால் சிவப்பு. 160 மில்லிமீற்றர் பெய்த நாளுக்கு 3 என்று சரியாகவே சொல்கிறது. 110க்கு 2, 80க்கு 1. அழகாக இருக்கிறது என்று மகிழத் தோன்றும். ஆனால் நாள் முழுவதும் வெயிலடித்து, மாலை ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீற்றர் கொட்டியது என்றால் என்ன ஆகும்? முதல் எல்லை கடந்தது, 1. இரண்டாவது கடக்கவில்லை, 0. மூன்றாவது, மணிமழையால் கடந்தது, 1. கூட்டினால் 2. விதியின்படி மக்கள் வெளியேற வேண்டிய சிவப்பு நிலை. சூத்திரமோ செம்மஞ்சள் என்கிறது. பாகுபடுத்தலிற் குறையில்லை, மதிப்பிடுதலிற் குறையில்லை, கணினி எந்தப் பிழையையும் அறிவிக்கவில்லை. சரியான வரி இப்படி இருக்க வேண்டும்:

பெரிது(1*(நாள்மழை >= 75), 2*(நாள்மழை >= 100), 3*((நாள்மழை >= 150) | (மணிமழை >= 75)))

“பெரிது” என்பது கொடுத்த எண்களுள் மிகப் பெரியதைத் தேர்ந்து தரும்படி முன்னரே பெயரிட்டு வைத்த சார்பு. இவ்வரிக்கு அதே மழையைக் கொடுத்தால் 3 என்று விடை வருகிறது.

அலகுப் பிழை இன்னும் எளியது, ஆதலால் இன்னும் கொடியது. தோட்டங்களின் பழைய மழைக் குறிப்பேடுகள் அங்குலத்தில் எழுதப்பட்டவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், 6 அங்குலம் 152.4 மில்லிமீற்றர், அதாவது சிவப்பு. அந்த 6ஐ அப்படியே சார்புக்குக் கொடுத்தால் அச்சமில்லை என்று விடை சொல்லிவிடும். எண்ணோடு அலகு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மாறியின் பெயரையே “நாள்மழை_மிமீ” என்று வைப்பது சிறிய உபாயம். கையில் அங்குலக் கணக்கு வைத்திருப்பவரை அது ஒரு கணமேனும் நிறுத்தி யோசிக்கச் செய்யும்.

ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிக் குணங்களும் உண்டு. ஜூலியாவில் எண்ணையும் மாறியையும் அடுத்தடுத்து எழுதினாலே பெருக்கல் என்று பொருள்; வசதியானதுதான். ஆனால் அந்தப் பெருக்கல் வகுத்தலைவிட இறுக்கமாகப் பிணையும். காலம் 24 ஆயின், 1/2*காலம் என்பது 12. நட்சத்திரத்தை விட்டு 1/2காலம் என்று எழுதினால் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. மேட்லாபிலும், அதனோடு ஒத்த இலவச மொழியாகிய ஆக்டேவிலும் வேறொரு குழி இருக்கிறது. அங்கே அட்டவணை முழுவதையும் ஒரே அழைப்பிற் கணக்கிட வேண்டுமானால், பெருக்கலுக்கும் அடுக்குக்கும் முன்னால் புள்ளி ஒன்று இட வேண்டும். புள்ளியை மறந்தால் பெரும்பாலும் பிழை என்று சொல்லிவிடும். ஆனால் 7 மழைமானிகளின் 7 நாள் கணக்கு என்று அட்டவணை சதுரமாக அமைந்துவிட்டால், அதைத் தாயம் என்று கருதித் தாய அடுக்கைக் கணக்கிட்டு, மழையோடு சற்றும் தொடர்பில்லாத எண்களை அமைதியாகத் தந்துவிடும். ஜூலியாவில் புள்ளியைச் சூத்திரத்தில் இடாமல், அழைக்கும் இடத்தில் ஒரு முறை இட்டாலே போதும். கோப்பிலுள்ள வரி பாடநூலில் உள்ளபடியே இருக்கும்.

இத்தனை குழிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பார்ப்பது மனிதனால் இயலாத காரியம். அதற்காகச் சூத்திரக் கோப்பிலேயே, சூத்திரத்துக்கு அடியில், விடை தெரிந்த சில கணக்குகளையும் எழுதி வைப்பது நல்ல வழக்கம். நாள்மழை 74, மணிமழை 10 எனின் விடை 0. நாள்மழை 75, மணிமழை 10 எனின் 1. நாள்மழை 80, மணிமழை 80 எனின் 3. இவற்றை நிரல் எழுதுபவர் எழுதலாகாது. விதியை அறிந்தவர் எழுத வேண்டும். நிரல் ஒவ்வொரு முறை சார்பை உண்டாக்கும்பொழுதும் முதலில் இக்கணக்குகளைக் கேட்டுப் பார்த்து, ஒன்றேனும் பிசகினால் பழைய சார்பை வைத்துக்கொண்டு உரக்கக் கூவ வேண்டும். மேலே கண்ட கூட்டற் சூத்திரம் இந்த மூன்றாவது வரியிலேயே அகப்பட்டிருக்கும்.

சூத்திரத்தை வெளியே வைப்பதன் பயன் புதிய சூத்திரம் ஒன்று தேவைப்படும்போது நன்றாகத் தெரிகிறது. நாளொன்றுக்கு 40 மில்லிமீற்றர் வீதம் ஐந்து நாள் மழை பெய்ததாக வைத்துக்கொள்ளலாம். எந்த நாளும் 75ஐ எட்டவில்லை. ஆதலால் 24 மணி நேர விதி ஐந்து நாளும் வாய் திறக்காது. மண்ணோ நேற்றைய நீரை முழுவதும் விட்டுவிடவில்லை. இதற்காக நீரியலாளர் முன்மழைக் கணக்கு என்ற ஒன்றைக் கையாள்வர்:

0.85 * முன்தேக்கம் + இன்றுமழை

நேற்றுவரை தேங்கியதில் ஒரு பங்கு வடிந்துபோக, மிஞ்சியதோடு இன்றைய மழையைக் கூட்டுவதே இது. 0.85 என்பது ஓர் எடுத்துக்காட்டே; அந்தந்த மண்ணை அளந்து அறிய வேண்டிய எண் அது. இச்சார்பை நாள்தோறும் அழைத்து வந்தால் தேக்கம் முறையே 40, 74, 102.9, 127.5, 148.3 என்று ஏறுகிறது. 24 மணி நேர விதிக்கு ஒரே மாதிரியாகத் தோன்றிய ஐந்து நாட்கள், இக்கணக்கில் ஒன்றைவிட ஒன்று அபாயமானவையாகத் தெரிகின்றன. இதைச் சேர்ப்பதற்குக் கோப்பில் ஒரு வரியும், அதற்குரிய சோதனைக் கணக்குகளும் எழுதினால் ஆயிற்று. நிரலின் பிற பகுதிகளில் எவரும் கைவைக்க வேண்டுவதில்லை.

மழையெண் தவிர வேறு குறிகளும் உண்டு. நிலத்தில் திடீரெனத் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கசியும் ஊற்று, தெளிவாக ஓடிய நீரோடை சட்டென்று கலங்குதல் ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு எடுத்துச் சொல்லி வருகிறது. இவற்றைக் குறிக்கும் மாறி மேலே கண்ட சூத்திரங்கள் எவற்றிலும் இல்லை. லயனுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் வெடிப்பைக் கண்டவர், மழைமானி என்ன சொல்கிறது என்று காத்திராமல் அந்த இடத்தை விட்டு அகல வேண்டும். நிறத்தை அறிவிக்கும் கணினி அந்த வெடிப்பைக் கண்டதில்லை.